அந்துப்பூச்சி விளக்குப் பெட்டி: பினாங்கு வீட்டுத் தோட்டத்துக்கு எது உதவும், எது வீண்

இரவில் அந்துப்பூச்சிகளை ஒளிகாட்டி வரவழைத்துப் பார்க்க, இணையச் சந்தையில் ஒரே மாதிரிப் பெட்டி இப்போது பல பெயர்களில் விற்கிறது. உள்ளே கையடக்கமான புற ஊதா எல்இடி விளக்கு, அதைச் சுற்றி நிற்க வைக்கும் வெள்ளை வலைக் கோபுரம், ஒரு தரைவிரிப்பு, சிவப்பு ஒளி தரும் தலைவிளக்கு, பிளாஸ்டிக்கில் பூ வடிவத் தேன் ஊட்டி, பூச்சிப் படங்கள் அச்சிட்ட ஓர் அட்டை. விலை 200 ரிங்கிட்டை ஒட்டி வரும். பெட்டிமேல் பெரும்பாலும், பூவுக்கு எதிரே அந்தரத்தில் நின்று தேன் உறிஞ்சும் பருந்து அந்துப்பூச்சியின் படமே இருக்கும். அதனால் அந்தப் பூச்சியை மனத்தில் வைத்தே பெட்டியைப் பார்ப்போம். இதில் காசுக்கு ஈடான பொருள் இரண்டுதான்: விளக்கும் சிவப்புத் தலைவிளக்கும். தேன் ஊட்டியைக் குப்பையில் போடலாம். படஅட்டையும் ஏறக்குறைய அப்படித்தான்.

முதலில் விளக்கு. விளம்பரத்தில் ஒளியின் அலைநீளம் 365 நானோமீட்டர் என்றிருக்கும், ஆனால் கைக்கு வருவது சில நேரம் 395. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டியதில்லை. இருட்டறையில் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர்மேல் அடித்துப் பாருங்கள். சுவர் முழுக்கக் கண்ணைக் கூசும் ஊதா பரவினால் அது 395 பக்கம். மங்கலான வெளிர்நீலம் மட்டும் தெரிந்து, பக்கத்தில் வைத்த சலவைச் சட்டை மட்டும் பளிச்சென்று ஒளிர்ந்தால் 365 என்று நம்பலாம். இது ஏன் முக்கியம் என்றால், பருந்து அந்துப்பூச்சியின் கண்ணில் மூன்று வகை ஒளி உணரிகள் உண்டு. நன்றாக ஆராயப்பட்ட டெய்லிஃபிலா எல்பெனார் இனத்தில் அவற்றின் உச்சம் ஏறத்தாழ 350, 440, 525 நானோமீட்டர். 395 என்பது முதல் இரண்டுக்கும் நடுவே விழுகிறது. பூச்சி வராது என்றில்லை, வாட்டுக்குக் கிடைக்கும் பலன் குறையும். புற ஊதாவோடு நீலமும் பச்சையும் கலந்து எரியும் விளக்கு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

மின்சாரக் கணக்கு எளிது. விளக்கு 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுக்கும், அதாவது 10 வாட். 20,000 மில்லியாம்பியர்-மணி என்று போட்ட பவர்பேங்க்கில் 74 வாட்-மணி இருக்கிறது. உள்ளே மின்னழுத்தத்தை மாற்றுவதில் ஆகும் இழப்பைக் கழித்தால் கைக்கு வருவது 60-க்குச் சற்று மேல். ஆறு மணி நேரம் எரியும். மாலை 7:30-க்குப் போட்டால் நள்ளிரவு தாண்டும்.

இந்தப் பெட்டியில் அடிக்கடி பழுது என்று திருப்பி அனுப்பப்படுவது உண்மையில் பழுதே அல்ல, கேபிள் கோளாறு. கூட வரும் 3 மீட்டர் கேபிளுக்குள் இருப்பது நூல் போன்ற 28 கேஜ் கம்பி. போக 3 மீட்டர், வர 3 மீட்டர் என்று மின்சாரம் ஓடும்போது 2 ஆம்பியரில் சுமார் இரண்டரை வோல்ட் வழியிலேயே தொலையும். விளக்குக்குப் போய்ச் சேர்வது பாதி. அதனால் மங்கலாக எரியும், அல்லது விட்டு விட்டு மினுங்கும். 20 கேஜ் தடிமன் உள்ள கேபிளை (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்) மாற்றிப் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே. அது கிடைக்காவிட்டால் பவர்பேங்க்கையே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக் கோபுரத்தின் அடியில் தள்ளி, அரை மீட்டர் கேபிளில் இணைத்துவிடுங்கள். டப்பாவைக் கவிழ்த்து மூடினால் தூறலுக்கும் பயமில்லை.

விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது. 365 கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதால் ஆபத்து இல்லை என்று தோன்றும், அதுதான் தவறு. பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களுக்கும் போட்டுவிடுங்கள். முழுக்கைச் சட்டையும் வேண்டும். அது வெயிலுக்காக அல்ல, சார்லிக்காக. செமுட் காயாப் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்களே, ஆரஞ்சும் கறுப்புமாக எறும்பு போல இருக்கும் சின்ன வண்டு, அதுதான். வயல் ஓரத்திலும் புதிய அடுக்குமாடிகளிலும் பினாங்கில் அது பெரும் தொல்லை, வெளிச்சத்துக்குக் கூட்டமாக வரும். கடிக்காது. ஆனால் தோலில் வைத்து நசுக்கினால் அதன் உடலில் உள்ள பெடரின் நஞ்சு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தீக்காயம் போலக் கொப்புளமாகும். ஊதித் தள்ளுங்கள், பட்ட இடத்தைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

கோபுரத்தை நிறுத்தும் இடத்தில்தான் பாதி வெற்றி. தெருவிளக்கின் வெளிச்சம் நேரே விழும் முற்றத்தில் இந்தப் 10 வாட் எடுபடாது. வீட்டின் நிழல் தெருவிளக்கை மறைக்கும் பின்பக்கம், சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, மரமோ புதரோ பார்க்கும் திசையில் வையுங்கள். விளக்கு தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கட்டும். பெட்டியில் வரும் தரைவிரிப்பு ஒரு மீட்டர் சதுரம்தான், அது போதாது. சிறிய அந்துப்பூச்சிகள் வந்து வலையில் அமைதியாக உட்காரும். பருந்து அந்துப்பூச்சி அப்படி வராது. கனத்த உடல், வேகமான பறப்பு. வலையில் மோதித் தெறித்து இரண்டு மீட்டர் தள்ளிப் புல்லில் விழுந்து படபடக்கும், அங்கே நீங்கள் மிதித்துவிடவும் கூடும். பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றைச் சுற்றிலும் விரித்து, ஓரங்களில் நான்கைந்து முட்டை அட்டைகளைச் சாய்த்து வையுங்கள். களைத்த பூச்சி அதன் குழிக்குள் ஒதுங்கி, மறுநாள் காலை வரை அசையாமல் இருக்கும்.

எந்த இரவு என்பதும் கணக்கில் வரும். அமாவாசையை ஒட்டிய இரவுகளில் கூட்டம் அதிகம், பௌர்ணமியில் குறைவு. மழை விட்ட, காற்றில்லாத, புழுக்கமான இரவு நல்லது. ஆனால் அதே இரவில் ஈசல் கிளம்பும். அரை மணி நேரத்தில் விளக்கையே மூடிவிடும். அப்போது விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய்த் தேநீர் குடித்து வாருங்கள். ஈசல் கூட்டம் நீண்ட நேரம் நிற்காது. டெங்கிக்குப் புகையடித்த மாலையில் விளக்கு போடுவது வீண், புகை கொசுவை மட்டும் பார்த்துக் கொல்வதில்லை. இரவெல்லாம் எரியவிட்டுத் தூங்கப் போனால் மீதியைப் பல்லியும் தேரையும் தின்றுவிடும், விடிந்ததும் மைனாக்கள் வந்து மிச்சத்தை முடிக்கும். ஆகவே பார்த்து முடித்ததும் அணைத்து, விரிப்பில் இருப்பவற்றை இலை அடர்ந்த செடிக்குள் விட்டுவிடுவது முறை. தேசியப் பூங்காவிலும் வனக் காப்பகத்திலும் அனுமதியில்லாமல் இந்தப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். தண்ணீர்மலைப் பக்கம் வீடு இருப்பவர்களுக்குக் காடு தானாகவே வாசலுக்கு வரும்.

இவ்வளவு செய்தால் யார் வருவார்கள்? தோட்டம் உள்ள பகுதிகளில் பருந்து அந்துப்பூச்சிகளில் டெரட்ரா பேரினத்தினர் வாடிக்கையாளர்கள். அம்பு போல் பின்னே சாய்ந்த சிறகு, கூர்மையான உடல். டெரட்ரா நெஸ்ஸஸ் என்றால் வயிற்றின் இரு பக்கமும் பொன்மஞ்சள் பட்டை இருக்கும். வௌவாலின் மீயொலிக்கு இந்தப் பூச்சி தானும் மீயொலியால் பதில் கொடுக்கிறது என்று மலேசியப் போர்னியோவில் செய்து 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஒலியை அது எழுப்புவது பிறப்புறுப்பின் செதில்களை உரசி. சாம்பல் நிறத்தில் வயிற்றில் இளஞ்சிவப்பும் கறுப்புமாக வரி ஓடினால் அக்ரியஸ் கன்வால்வுலி. சர்க்கரைவள்ளிக் கொடியைத் தின்னும் கொம்புப் புழுவின் தாய் அது. முதுகில் மண்டையோடு போன்ற குறியுள்ள அக்கெரான்டியா லாக்கெசிஸ் வந்தால் வீடே கூடிவிடும். தொட்டால் கீச்சென்று கத்தும். உறிஞ்சுகுழல் வழியாகக் காற்றை உள்ளிழுத்து வெளியே தள்ளுவதால் வரும் சத்தம் அது, சாபமோ சகுனமோ அல்ல. தேனீக் கூட்டுக்குள் புகுந்து தேன் திருடுவது அதன் பிழைப்பு. அதற்கேற்ற குட்டையான, தடித்த குழல். பூக்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

இங்கேதான் விளக்கின் எல்லை வருகிறது. பகலில் பறக்கும் செஃபோனோடெஸ் ஹைலாஸ், மாக்ரோகிளாஸம் போன்றவற்றை எதிர்பார்த்து இதை வாங்கியவர் ஏமாந்து போவார். செஃபோனோடெஸ் சிறகு கண்ணாடி போல் இருக்கும், கூட்டுப்புழுவிலிருந்து வந்து முதல்முறை பறக்கும்போதே செதில்களை உதிர்த்துவிடும். ‘எங்கள் வீட்டில் ஹம்மிங்பேர்ட்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொளிகளில் இருப்பவை பெரும்பாலும் இவைதான். ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களை விட்டு வெளியே கிடையாது. அரளிப் பருந்து அந்துப்பூச்சியான டாஃப்னிஸ் நேரி இன்னும் சுவையான விஷயம். செயற்கை விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் ஏன் சிக்குகின்றன என்று அதிவேகக் கேமராவில் பதிவு செய்த ஆய்வு ஒன்று 2024-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்தது. பூச்சிகள் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பியே பறக்கின்றன, மேலே வானம்தான் வெளிச்சம் என்று எடுத்துக்கொள்கின்றன, அதனால் விளக்கைச் சுற்றிச் சுழல்கின்றன என்பது அதன் முடிவு. அந்தச் சோதனையில் விதிவிலக்காக நின்றவற்றில் டாஃப்னிஸ் நேரியும் ஒன்று. விளக்குக்கு மேலேயே இயல்பாகப் பறந்து போனது. ஆகவே உங்கள் விரிப்பில் அது இல்லை என்பதால் தோட்டத்தில் இல்லை என்று சொல்ல முடியாது.

விளக்குக்கு வந்த பூச்சி தன் வேலையை விட்டுவிட்டு வந்த பூச்சி. பூவில் என்ன செய்கிறது என்று அங்கே பார்க்க முடியாது, தடயம் மட்டும் எடுக்கலாம். அதற்கு ஒரு வழி உண்டு. ஓய்ந்து உட்கார்ந்த பூச்சியின் முகத்தை மேக்ரோ லென்ஸில் படமெடுங்கள். சுருண்டிருக்கும் உறிஞ்சுகுழலின் அடியிலும் இரு கண்களுக்கு நடுவிலும் மஞ்சள் தூள் இருந்தால் அது மகரந்தம். ஒட்டும் நாடாவில் ஒரு சென்டிமீட்டர் துண்டை அந்த இடத்தில் இலேசாகத் தொட்டு எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பள்ளி நுண்ணோக்கியில் 100 மடங்கில் பாருங்கள். தோட்டத்துப் பூக்களிலிருந்தும் இதே போல மாதிரி எடுத்து வைத்திருந்தால் ஒப்பிடலாம். குழலை ஊசியால் நிமிர்த்திப் பார்க்க வேண்டாம். உணர்கொம்பைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அதன் அடியில் உள்ள அதிர்வு உணரிகள்தான் பறக்கும்போது உடல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்கின்றன. கொம்பு ஒடிந்த பூச்சி எழும்பும், ஆனால் நிலைதடுமாறும். பிடிக்கவே வேண்டுமென்றால் விரலை முன்கால்களின் கீழே கொண்டுபோங்கள், தானே ஏறிக்கொள்ளும். ஏறியதும் சிறகை நடுக்கிக்கொண்டே நிற்கும். பயந்து நடுங்குகிறது என்று நினைக்க வேண்டாம், மார்புத் தசையைச் சூடேற்றுகிறது. அது போதிய சூட்டை எட்டாமல் அதனால் எழும்ப முடியாது.

தேன் ஊட்டிக்கு வருவோம். பெட்டியிலேயே மோசமான பொருள் இது. ஹம்மிங்பேர்டுக்காகச் செய்த அச்சில் வார்த்தது போலிருக்கிறது: சிவப்பு நிறம், தட்டையான முகம், அகலமான துளை. பருந்து அந்துப்பூச்சிக்குச் சிவப்பு மிக மங்கலாகவே தெரியும். பழக்கப்படாத பூச்சி முதலில் தேடிப் போவது நீலமும் இருட்டில் துலங்கும் வெளிர் நிறமும். நிறத்தை மாற்றி நீல நாடா சுற்றினாலும் மணம் இருக்காது. மணத்தையும் சேர்த்தாலும் அப்போதுதான் விரிந்த பூவிலிருந்து எழும் ஈரப்பதமும் கரியமில வாயுவும் இருக்காது. அமெரிக்கப் பருந்து அந்துப்பூச்சிகளில் செய்த சோதனைகளில் இவ்விரண்டுமே தேன் உள்ள பூவைத் தேர்ந்தெடுக்க உதவும் குறிப்புகள் என்று தெரிந்திருக்கிறது. கூட வரும் தாளில் ஒன்றுக்கு ஒன்று சர்க்கரை நீர் என்று எழுதியிருப்பதும் தவறு. இவ்வகைப் பூக்களின் தேன் பொதுவாக 20 விழுக்காட்டை ஒட்டிய நீர்த்த தேன். நீளக் குழலில் கெட்டிக் கரைசலை உறிஞ்சினால் நேரம் பிடிக்கும், அந்த நேரமெல்லாம் அந்தரத்தில் நின்று சக்தியைச் செலவழிக்க வேண்டும். களைத்த பூச்சிக்கு ஊட்ட வேண்டுமென்றால் 20 கிராம் வெள்ளைச் சர்க்கரை, 80 மில்லிலிட்டர் நீர், பஞ்சில் நனைத்து முன்கால் அருகே வையுங்கள். தேன் கலக்காதீர்கள், நம் வெப்பத்தில் சீக்கிரம் புளித்துவிடும். ஊட்டியை வெளியே தொங்கவிட்டால் வருவது எறும்பு.

இனி சிவப்புத் தலைவிளக்கு. பெட்டியில் ஏதோ இலவச இணைப்பு போல ஓரத்தில் கிடக்கும். உண்மையில் பெட்டியின் பயனில் பெரும்பங்கு இதில்தான் இருக்கிறது. 620 நானோமீட்டருக்கு மேல் எரியும் சிவப்பு இந்தப் பூச்சியைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. வெள்ளை டார்ச் அடித்தால் அடுத்த நொடியே பூவை விட்டுப் போய்விடும். பினாங்கில் சூரியன் மறைவது பருவத்தைப் பொறுத்து ஏறத்தாழ 7 முதல் 7:45 மணி. மறைந்த பிறகு முக்கால் மணி நேரம் பூவுக்கு எதிரே இரண்டு மீட்டர் தள்ளி அசையாமல் உட்காருங்கள். கொசு விரட்டி பூசுங்கள், ஆனால் வாசனைத் தெளிப்பான் வேண்டாம், பூவின் மணத்தோடு குழம்பும்.

எந்தப் பூவுக்கு எதிரே? இரங்கூன் மல்லி இருந்தால் வேறெதுவும் தேட வேண்டாம். முதல் இரவில் வெள்ளையாக, பக்கவாட்டில் நீட்டியபடி மணத்தோடு விரியும். மறுநாள் இளஞ்சிவப்பாகி, பிறகு சிவந்து தொங்கிவிடும். அந்துப்பூச்சி நாடுவது வெள்ளையை. பூக்குழல் 5 முதல் 7 சென்டிமீட்டர் இருக்கும். ஒரு ஸ்கேலால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள், யார் அடிவரை எட்ட முடியும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அக்ரியஸ் கன்வால்வுலிக்கு உடலைவிட நீண்ட குழல், சாதாரணமாகவே 8 சென்டிமீட்டருக்கு மேல். சாலை நடுவே நகராட்சி நட்டுவைக்கும் விஷமூங்கிலின் (கிரைனம் லில்லி) வெள்ளைப் பூவும், நிலாப்பூக் கொடியும் இதற்கான அளவுதான். அந்திமந்தாரையும் பவழமல்லியும் பல வீட்டு வாசலில் ஏற்கெனவே நிற்கின்றன. ஊமத்தை வகைகளும் உதவும், ஆனால் முழுச் செடியும் நஞ்சு, பிள்ளைகளும் பூனையும் உள்ள வீட்டில் வேண்டாம். ஃப்ராங்கிபானி எனும் கோயில் மரம் வேறு ரகம். மணத்தைக் காட்டி அழைக்கும், உள்ளே தேன் கிடையாது. பூச்சி ஓரிரு பூவைத் துழாவி ஏமாந்து போவதற்குள் மகரந்தம் கைமாறிவிடும். பப்பாளியும் இந்தப் பட்டியலில் வரும். ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியாக நிற்கும் நாட்டு ரகங்களில் அந்தியில் மகரந்தம் சுமப்பவர்களில் முக்கியமானவை பருந்து அந்துப்பூச்சிகளே. ஈருறுப்புப் பூ பூக்கும் கடை ரகத்துக்கு இந்தத் தயவு அவ்வளவாகத் தேவையில்லை.

அது மிதக்கும் விதத்தையும் கவனியுங்கள். காற்றில் பூ ஆட ஆட, பூச்சியும் பூவோடு இடவலமாக நகர்ந்துகொண்டே குழலை உள்ளே வைத்திருக்கும். மங்கிய வெளிச்சத்தில் அதன் கண் ஒளியைச் சற்று நேரம் சேர்த்து வைத்தே பார்க்கிறது, அதனால் பார்வை மந்தமாகும். ஆனாலும் பூக்கள் இயற்கையில் ஆடும் வேகத்தைப் பின்தொடர அது போதும். வேகக் காற்று அடிக்கும் மாலையில் காத்திருக்க வேண்டாம். படம் எடுக்க நினைத்தால் கைப்பேசியின் 240 பிரேம் மெதுவோட்டம் பெரிய இனங்களுக்குச் சரி. நொடிக்கு 25 முறையை ஒட்டிச் சிறகடிக்கும் அமெரிக்கப் பருந்து அந்துப்பூச்சி மாண்டூகா போன்ற பூச்சி என்றால் ஓர் அடிப்புக்கு ஒன்பது பத்து பிரேம் கிடைக்கும். 70-க்கு மேல் அடிக்கும் மாக்ரோகிளாஸத்துக்கு மூன்றுதான் தேறும். சிவப்பு விளக்கு மட்டும் இருந்தால் மெதுவோட்டப் படம் கருத்துவிடும். வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும் முதல் 15 நிமிடத்தில் எடுத்தால்தான் உண்டு.

படஅட்டையில் இருப்பவை பெரும்பாலும் ஐரோப்பிய இனங்கள். இளஞ்சிவப்பு எல்பெனார் அழகுதான், பினாங்கின் ஆயர் ஈத்தாமில் அதைத் தேடிப் பயனில்லை. அட்டையில் புழுக்களின் படம் ஒன்றுகூட இல்லாதது அதைவிடப் பெரிய குறை. வால் பக்கம் கொம்பு உள்ள புழு நந்தியாவட்டையில் இருந்தால் டாஃப்னிஸ், நந்தியாவட்டையின் தூரத்து உறவான பாலைவன ரோஜாவிலும் அந்தப் புழுவைப் பார்க்கலாம். சேம்பு இலையில் இருந்தால் டெரட்ரா, கார்டீனியாவில் செஃபோனோடெஸ். மருந்து அடித்தால் அடுத்த தலைமுறை இல்லை. செடி பெரிதானால் இலை போவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள், அது திரும்பத் துளிர்க்கும். முழு வளர்ச்சி அடைந்த புழு நிறம் மாறி இறங்கி ஓடும், பெரும்பாலானவை மண்ணுக்குள்ளோ சருகுக்கு அடியிலோ கூடாகும். முற்றம் முழுக்கச் சிமெண்ட் என்றால் செடியின் அடியில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தளர்ந்த மண்ணும் சருகும் நிரப்பிய அகலத் தொட்டி ஒன்றை வையுங்கள்.

பெட்டி முழுதாக வேண்டுமா? வாடகை அடுக்குமாடியில், பால்கனியில் நான்கு தொட்டி மட்டும் உள்ளவருக்கு வேண்டாம். அங்கே ஊதா விளக்கு போட்டால் பூச்சிக்கு முன் காவலாளி வருவார். 20, 30 ரிங்கிட்டில் தனியாக ஒரு சிவப்புத் தலைவிளக்கும் ஓர் இரங்கூன் மல்லிக் கன்றும் வாங்கினால் போதும். தோட்டமும் பின்புறம் மரங்களும் உள்ள வீட்டுக்கு, பாலிக் புலாவ் பக்கத்துப் பழத்தோட்டத்துக்கு, பள்ளி இயற்கைக் கழகத்துக்கு விளக்கு வாங்கத் தகும். வாங்குமுன் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: அலைநீளம் எவ்வளவு, விளக்கை மட்டும் தனியே தருவீர்களா, கோபுரத்தின் கம்பி கண்ணாடியிழையா எஃகா. எஃகு என்றால் கடற்கரைக் காற்றில் சில மாதங்களில் துருவேறி வலையில் கறை பிடிக்கும். வலையை ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் வரும், நிழலில் நன்றாக உலர்த்தி, சிலிக்கா பொட்டலம் போட்ட மூடி டப்பாவில் வையுங்கள். விளக்கின் பின்புறம் இருக்கும் அலுமினியக் குளிர்விப்புத் தகடுகளுக்குள் ஈசல் சிறகு அடைத்துக்கொண்டால் விளக்கு சூடேறித் தானே மங்கும். அதை அவ்வப்போது பழைய பல்துலக்கியால் தட்டி எடுத்துவிடுங்கள்.